அப்பா பார்த்த விண்வெளிப் படம்

அந்தப் படத்தைப் பற்றி நல்லதாக ஏதாவது சொல்லித்தான் ஆக வேண்டும் என்றால், தியேட்டரில் ஏசி நன்றாக வேலை செய்தது. அதற்கு மேல் என்னிடம் கேட்காதீர்கள். நான் பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுக்கடையின் மாடியில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு இயற்பியல் டியூஷன் எடுக்கிறவன். காற்றில்லாத இடத்தில் சத்தம் கேட்காது என்பதை வருஷா வருஷம் தொண்டை வறளச் சொல்லிக்கொடுத்துப் பிழைப்பவன். அந்தப் படத்தில் விண்கலம் ஒரு கிரகத்தின் முன்னால் வந்து நிற்கும்போது, பஸ் ஸ்டாண்டு வளைவில் லாரி பிரேக் போடுகிற மாதிரி கிரீச்சென்று ஒரு சத்தம். முன்வரிசையில் இருந்த என் மாணவர்கள் மொத்தமாகத் திரும்பி என்னைப் பார்த்தார்கள். பள்ளிக்கு மட்டம் போட்டுவிட்டுக் காலைக்காட்சிக்கு வந்த கும்பல். நான் அவர்களைத் திட்டவில்லை. வகுப்பை ரத்து செய்துவிட்டு நானும்தான் அங்கே உட்கார்ந்திருந்தேன்.

நான் வந்தது என் தங்கைக்காக. அந்தப் படத்துக்கு உடை வடிவமைப்பு அவள். சென்னையில் பல வருஷம் யார் யாருக்கோ உதவியாளராக ஓடியாடி, முதல்முறையாகத் தனியாகச் செய்த படம். நட்சத்திர நாயகனுக்கு வெள்ளி நிறத்தில் தைத்த உடைகளை அவளே மதிக்கவில்லை. "அது ரெயின்கோட்டுண்ணா, விடு" என்று சொல்லிவிட்டாள். அவள் உயிரை விட்டது ஒரே ஒரு துணிக்காக. வேற்றுக்கிரகத்து அரசி அணிகிற நீண்ட பட்டு. அதை எந்த விசைத்தறியில் கொடுத்தும் அவளுக்குத் திருப்தி வரவில்லை. கடைசியில் எங்கள் ஊரை ஒட்டிய ஓரிக்கையில் ஒரு நெசவாளர் வீட்டில் ஒரு தறியை வாடகைக்குப் பிடித்து, அவளே உட்கார்ந்து நெய்தாள். கோர்வை போட, அதாவது உடலையும் கரையையும் குறுக்கு நூலான ஊடையை ஓட்டுகிற தனித்தனி நாடாவில் நெய்து ஒன்றோடொன்று கோக்க, தறிக்கு இரண்டு ஆள் வேண்டும். அந்த வீட்டு அம்மா இன்னொரு பக்கம் உட்கார்ந்து கைகொடுத்தாராம்.

இதெல்லாம் முடியும் வரை அப்பாவுக்குத் தெரியாது. அப்பா எங்கள் தெருவில் இன்னும் தறியில் உட்காருகிற பெரிய கை. நாக்கு அதைவிடப் பெரியது. "நடிகைக்குத் துணி எடுத்துக் குடுக்கறதெல்லாம் ஒரு வேலையா" என்று கேட்டே அவளை வீட்டுக்கு வருவதைக் குறைக்க வைத்தவர். படம் வெளிவருவதற்கு முன்னால் அவள் அப்பாவுக்குப் போன் செய்தாள்.

"அதுல ராணி போட்டுக்கினு வர்ற துணிய நானே நெய்ஞ்சேன்பா. போய்ப் பாத்துட்டு சொல்லு."

"சினிமாக்காரிக்கு இன்னாத்துக்குத் தறி?" என்றார். கொஞ்சம் விட்டு, "பாக்கறேன்" என்றார்.

பிறகு என்னிடம் தனியாகப் பேசினாள். "ஊரு என்ன சொன்னாலும் எனக்குக் கவலையில்லண்ணா. படம் ஓடாதுன்னு எங்களுக்கே தெரியும். அப்பா என்ன சொல்றாரோ அதை மட்டும் அப்படியே எனக்கு சொல்லு. அவரு ஒத்துக்கினா அந்தத் தறிய நான் வச்சிக்குவேன், சினிமா போனாப் போவுது. தேறலன்னு சொல்லிட்டாருன்னா இனிமே நாடாவத் தொட மாட்டேன்." விளையாட்டுக்குச் சொல்கிற பெண் இல்லை அவள்.

அதனால்தான் அப்பாவைக் கூட்டிக்கொண்டு முதல் நாள் காலைக்காட்சிக்குப் போனேன். வாசலில் எங்கள் ஊர் ரசிகச் செம்மல்கள் கூடியிருந்தார்கள். விண்வெளி உடையில் நாயகனுக்கு ஆளுயரத்துக்கு மேல் கட்-அவுட். அந்தக் கண்ணாடித் தலைக்கவசத்தின் மேல் குடம் குடமாகப் பாலை ஊற்றினார்கள். தலைக்கவசம் போட்டவன் தலையில் பால் எப்படி இறங்கும் என்று ஒருத்தனாவது யோசிக்க வேண்டுமே. மேளத்துக்கு ஆடிக்கொண்டிருந்தவர்களில் ஒருவன் என்னிடம் வேதியியல் வேறு கற்றுத்தரச் சொல்லிக் கேட்டவன். நல்லவேளை, மறுத்துவிட்டேன்.

படத்தில் கதை என்று ஒன்று இருந்தது, அதை மட்டும் ஒத்துக்கொள்கிறேன். சூரியன் மங்கிக்கொண்டே வருகிறது. தப்பிக்க வழி தேடி ஒரு கலம் வெகுதூரம் போகிறது. அங்கே ஒரு கிரகத்தில் பேச்சே இல்லாத ஓர் இனம். சொல்ல வேண்டியதையெல்லாம் நெய்துவிடுவார்கள். அவர்களுடைய மொத்தச் சரித்திரமும் ஒரே நீளத் துணியில் இருக்கிறது, அதை அரசி உடுத்தியிருக்கிறாள். அதை நம் ஆள் படித்துவிட்டால் பூமி பிழைக்கும். இந்த இடம் வந்தபோது எனக்கே ஆசை வந்தது. இயக்குநர் என்கிற அந்த மனிதன் எதையோ உட்கார்ந்து யோசித்திருக்கிறான் என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன். அந்த மரியாதை அடுத்த பாட்டு வரைக்கும்தான். பேச்சே இல்லாத இனத்துப் பெண் நாயகனோடு டூயட் பாடினாள். பாட்டில் மார்கழி மாதம் வேறு வந்தது. காற்றே இல்லை என்று அப்போதுதான் வசனம் பேசிவிட்டுப் போன கிரகத்தில் அவள் கூந்தல் பறந்தது. நாயகன் முகம் தெரிய வேண்டுமே, தலைக்கவசத்தைக் கழற்றிவிட்டான். சாகவில்லை. அது எனக்கு வருத்தம்தான்.

அப்பா முதல் பாதி முழுக்க வாயைத் திறந்துகொண்டு தூங்கினார். அந்தக் கூட்டத்தில் விவரமாக நடந்துகொண்டவர் அவர் ஒருவர்தான்.

இடைவேளையில் கேண்டீன் வாசலில் நம் ஜனங்களின் அறிவு பொங்கி வழிந்தது. எனக்குத் தெரிந்த வங்கி ஊழியர் ஒருவர், கையில் சமோசாவோடு, "புரியல சார். அதான் சார் இந்தப் படத்தோட பலமே" என்றார். புரியாததெல்லாம் பலம் என்றால் என் வகுப்பில் பாதிப் பேர் பயில்வான்கள். இன்னொருத்தர், "இதெல்லாம் இங்கிலீஷ்ல எப்பவோ வந்துடுச்சுபா" என்று உதட்டைச் சுழித்தார். எந்தப் படத்தில் என்று கேட்டேன். பேர் மறந்துவிட்டதாம். ஒரு ரசிகன், "செகண்டு ஆஃப்ல தலைவர் பறப்பாரு சார், அதுக்கப்புறம் பேசுங்க" என்று எனக்கு நம்பிக்கை ஊட்டினான். விண்வெளியில் எல்லாரும்தானடா மிதப்பார்கள் என்று சொல்ல வாயெடுத்து, மூச்சை மிச்சப்படுத்திக்கொண்டேன்.

அப்பா சிறுநீர் கழித்துவிட்டு வந்து ஒரே ஒரு கேள்வி கேட்டார். "துணி எப்படா வரும்?"

இரண்டாம் பாதியில் தலைவர் பறந்தார். விசில் பறந்தது. கிழித்த காகிதம் பறந்து என் சட்டைக்குள் விழுந்தது. பின்வரிசையில் ஒருத்தன் போனில் யாருக்கோ, "மொக்கை மச்சி, வராத, அப்படியே பிரியாணிக்குப் போயிடலாம்" என்று நேரடி ஒலிபரப்பு செய்துகொண்டிருந்தான். அந்த நேரத்தில் அரசி வந்தாள்.

கேமரா அவள் முகத்தைக் காட்டாமல் துணியைக் காட்டியது. திரை முழுக்கத் துணி. ஒவ்வோர் இழையும் கயிறு கனத்துக்குத் தெரிந்தது. ஜரிகையே இல்லை. கருநீல உடல், அரக்குக் கரை, கரையை ஒட்டி எழுத்தைப் போல ஏதேதோ வடிவங்கள் ஊர்ந்துகொண்டே போயின. பின்னணியில் அந்தக் கிரகம் வெடித்துக்கொண்டிருந்தது. அரசி சாகப்போகிறாள், அவளோடு அந்த இனமே அழியப்போகிறது. இசையமைப்பாளர் நூறு வயலினை அழவிட்டிருந்தார்.

தியேட்டர் அமைதியானது. ஏதோ மனசு இளகிவிட்டது போலிருக்கிறது என்று நினைத்தேன். என் புத்தியை என்ன சொல்ல. முதலில் ஒரு குரல் வந்தது.

"யோவ், கோர்வை எங்க சேருதுன்னு பாரு."

"அது விசைத்தறிபா."

"போய்யா, விசைத்தறில இது வருமா? கைத்தறிதான். ரெண்டு ஆளு ஒக்காந்திருக்காங்க."

"ஊடைய நல்லா அடிச்சிருக்கான்யா. எந்த ஊருக்காரன்?"

அங்கே ஓர் உலகமே பொடிப்பொடியாகிக்கொண்டிருக்கிறது, இங்கே இவர்கள் ஊடை பார்க்கிறார்கள். சாகிற அரசி நாயகனை நோக்கிக் கையை நீட்டியபோது துணியில் மடிப்பு விழுந்து கரை மறைந்துவிட்டது. "ஏய், கையக் கீழ போடும்மா" என்று ஒருவர் நிஜமான எரிச்சலோடு கத்தினார். இத்தனை கோடி கொட்டிப் படம் எடுத்தவன் இந்த ஊரில் இப்படியொரு மரியாதை கிடைக்கும் என்று கனவிலும் நினைத்திருக்க மாட்டான். படம் முழுவதிலும் எங்கள் ஜனங்கள் கண்கொட்டாமல் பார்த்த காட்சி அது ஒன்றுதான்.

அப்பாவைப் பார்த்தேன். முன் இருக்கையின் முதுகை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நுனியில் உட்கார்ந்திருந்தார். துணி மறைந்து மறுபடியும் நாயகன் முகம் வந்ததும் வேட்டியை உதறிக் கட்டினார். "அவ்ளோதான். வா" என்றார். பூமி பிழைத்ததா இல்லையா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது.

பாதியில் எழுந்து வந்ததுதான் வினையாகப் போயிற்று. வாசலில் மைக்கைப் பிடித்துக்கொண்டு யூடியூப் சேனல்காரர்கள் காத்திருந்தார்கள். படம் எடுக்கத் தெரியாதவன் படம் எடுக்கிறான், பார்க்கத் தெரியாதவன் பார்க்கிறான், இரண்டும் தெரியாதவன் மைக்கைப் பிடிக்கிறான். தாடி வைத்த ஒருவன் பாய்ந்து வந்து அப்பாவின் மோவாய்க்கு நேரே மைக்கை நீட்டினான்.

"ஐயா, முடியறதுக்குள்ள எழுந்து வந்துட்டீங்க. அவ்ளோ மொக்கையா? படத்துல எதுவுமே உங்களுக்குப் புடிக்கலையா?"

அப்பா அவனை மேலும் கீழும் பார்த்தார். "துணி நல்லா இருக்குது" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஏன் என்று வெளியூர்க்காரர்களுக்குச் சொன்னால்தான் விளங்கும். எங்கள் தொழிலில் அந்தச் சொல் நல்ல சொல் இல்லை. கடையில் புடவையை விரித்ததும் "நல்லா இருக்குதுங்க, நல்லா இருக்குதுங்க" என்று சொல்கிற அம்மா சொல்லிக்கொண்டே செருப்பை மாட்டிக்கொண்டு போய்விடுவாள். வாங்கப்போகிறவள் குற்றம் சொல்வாள். கரை அகலம் போதாது, முந்தி எடுப்பாக இல்லை, இந்த இடத்தில் சாயம் அடிக்கிறது என்று நோண்டுவாள். நெசவுக்காரர்களுக்குள்ளும் அதே வழக்கம்தான். யாராவது தாம் நெய்ததை எடுத்துவந்து அப்பாவிடம் காட்டினால், உருப்படியான சரக்கு என்றால் அப்பா சாமியாடிவிடுவார். அதைத் திட்டி, நெய்தவரைத் திட்டி, அவருக்குக் கற்றுக்கொடுத்தவரையும் திட்டுவார். வந்தவர் சிரித்துக்கொண்டே போவார். தேறாத சரக்கு என்றால் "நல்லா இருக்குது" என்று மடித்துக் கையில் கொடுத்து, "காபி சாப்டறியா?" என்பார். வந்தவர் முகம் தொங்கிப்போகும்.

மாலைக்குள் அந்தத் துண்டு வீடியோ ஊர் முழுக்கச் சுற்றியது. 'தாத்தாவே பாதியில் ஓட்டம்' என்று தலைப்பு. பக்கத்தில் அழுகிற பொம்மை வேறு. எனக்கு அதை ஏழெட்டுப் பேர் அனுப்பியிருந்தார்கள், மகா புண்ணியவான்கள். தங்கைக்கும் யாரோ அனுப்பிவிட்டார்கள். போனில் அவள் அழவில்லை, அதுதான் பயமாக இருந்தது.

"நல்லா இருக்குதுன்னு சொல்லிட்டாருண்ணா."

"அவன் மைக்க நீட்டனா, இவரு ஏதோ சொல்லிட்டு வந்தாரு. அதைப் போய் நீ..."

"எனக்குத் தெரியாதாண்ணா? சின்ன வயசுல அவரு பக்கத்துல ஒக்காந்து கரை நாடா போட்டவ நான். எத்தினி பேருக்கு அவரு அப்படிச் சொல்லி அனுப்பிச்சாருன்னு பாத்துக்கினு இருந்தவ நான்." போனை வைத்துவிட்டாள்.

கோபத்தோடு தறிக்கூடத்துக்குப் போனேன். அப்பா அறுந்த இழையைப் பிணைத்துக்கொண்டிருந்தார்.

"ஏம்பா, ஊரே பாக்கற மாதிரி அப்படிச் சொல்லிட்டு வந்திருக்கியே, உனக்கு மனசாட்சி இருக்குதா?"

"இன்னா சொன்னேன்?"

"நல்லா இருக்குதுன்னு."

"நல்லாத்தானடா இருந்துச்சு." என்னை நிமிர்ந்து பார்த்தார். "இம்மாம் பெருசாக் காட்டறான், அப்பவும் கோர்வை சேர்ற எடம் எனக்குத் தெரியல. தேடினேன். தெரியவே இல்ல. என்னால ஆவாதுடா அது."

நான் பிறந்ததிலிருந்து அந்த மனிதர் வாயிலிருந்து அப்படி ஒன்றைக் கேட்டதில்லை. எனக்குச் சந்தோஷம் வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. ஆயுசு பூராவும் ஒரு நல்ல சொல்லைக் கண்ட குப்பைக்கெல்லாம் போட்டுப் போட்டு நாறடித்துவிட்டு, இப்போது பெற்ற பெண்ணுக்குக் கொடுக்கக் கையில் ஒன்றும் இல்லாமல் உட்கார்ந்திருக்கிறார். போனைப் போட்டு அவரிடம் நீட்டினேன். "சொல்லு அவகிட்ட" என்றேன்.

போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "பாத்தேம்மா. நல்லா இருந்துச்சு. நெசமாத்தான்" என்றார். அந்தப் பக்கம் அவள், "சரிப்பா. சாப்டியா?" என்று கேட்டது எனக்கே கேட்டது. பேச்சு முடிந்துவிட்டது. பிறகு நான் அவளைத் தனியாகக் கூப்பிட்டு, அவர் என்னிடம் சொன்னதை ஒரு சொல் மாறாமல் சொன்னேன். "எனக்கு ஆறுதலுக்கு நீயே கட்டிச் சொல்றண்ணா. அவரு யாரையும் அப்படிச் சொல்ல மாட்டாரு" என்றாள். இத்தனை வருஷம் பிள்ளைகளுக்குக் கற்பிக்கிறேன், என் பேச்சுக்கு என் வீட்டில் இருக்கிற மதிப்பு அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை அவளே வந்தாள். அதற்குள் படத்தைத் தியேட்டரிலிருந்து தூக்கிவிட்டிருந்தார்கள். உலகத்தரம் என்று முதல் நாள் எழுதினவர்களெல்லாம் அப்போதே சந்தேகம் இருந்தது என்று எழுத ஆரம்பித்திருந்தார்கள். இயக்குநர் போனை அணைத்துவிட்டுக் கேரளாவுக்குப் போய்விட்டாராம். உடைகளையெல்லாம் கோணிப்பையில் கட்டி ஒரு குடோனில் போட்டிருந்தார்கள், அதிலிருந்து அந்தத் துணியை மட்டும் சண்டை போட்டு எடுத்து வந்திருந்தாள். செருப்பைக் கழற்றியவள் அம்மா கொடுத்த தண்ணீரைக்கூடக் குடிக்காமல் நேரே தறிக்கூடத்தில் பாயைப் போட்டு அதை விரித்தாள்.

"என்னா குத்தம், சொல்லுப்பா. மூஞ்சிக்கு நேரா சொல்லு. நான் தாங்கிக்குவேன்."

அப்பா மண்டியிட்டு உட்கார்ந்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை விரலால் தடவிக்கொண்டே போனார். திருப்பிப் போட்டு அடிப்பக்கத்தையும் பார்த்தார். ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். அம்மா சமையல்கட்டு வாசலில் நின்றாள். என் ஞானமெல்லாம் அங்கே எதற்கும் உதவவில்லை.

"நல்லா இருக்குதும்மா" என்றார்.

தங்கை தலையை மட்டும் ஆட்டினாள். ஒரு முனையைத் தூக்கி மடிக்க ஆரம்பித்தாள். "ஓரிக்கைக்காரங்ககிட்ட தறிய வேற யாருக்காவது குடுத்துடச் சொல்லிடறேன்" என்றாள். குரலில் கோபமே இல்லை. அப்பா என்னைப் பார்த்தார். அவர் வாய் திறந்து மூடியது. எத்தனையோ பேரை ஒரு சொல்லில் சுருட்டிப் போட்ட வாய் அது. இப்போது அந்த முகத்தில் இருந்த திகைப்பை நான் அதுவரை பார்த்ததில்லை, பார்க்கவும் பிடிக்கவில்லை.

"இரு. மடிக்காத" என்றார்.

அவள் நின்றாள்.

"கரை இழுக்குது."

"எங்க?"

"இதோ, இங்க." நடுவில் ஓர் இடத்தில் விரலை வைத்தார். "பாவு நூல இப்படியா இறுக்கிப் புடிப்பாங்க? எருமை மாட்டுக்கா கயிறு கட்டற? இங்க பாரு, இந்தப் பக்கம் ஒரு மாதிரி, அந்தப் பக்கம் ஒரு மாதிரி. யாரு ஒனக்கு எதிர்நாடா போட்டது? அந்த அம்மா தூங்கிக்கினு போட்டாளா?"

"அது அந்தத் தறி அப்படிப்பா. பழைய தறி."

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னு சொல்ற கதையா நீ தறிய சொல்லாத." குரல் ஏறியது. "அந்தத் தறிய வச்சிக்கினு ஒழுங்கா இன்னொண்ணு போடு. போட்டு எடுத்துக்கினு வா. அப்புறம் பேசு எங்கிட்ட."

அவள் பதிலுக்குச் சண்டை பிடித்தாள். இழுக்கவில்லை, வெளிச்சத்தில் அப்படித் தெரிகிறது என்றாள். அவர் வேறோர் இடத்தைக் காட்டி அதையும் திட்டினார். அவள் முகம் சிவந்து, கண் கலங்கி, பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டே கத்தினாள். ஒரே பாயில் மண்டியிட்டு இரண்டு பேரும் கோயில் யானைக்குக் கேட்கிற மாதிரி சத்தம் போட்டார்கள். அம்மா உள்ளே போய் அரிசி களைந்தாள். கிறுக்குக் குடும்பம் என்று நினைத்துக்கொண்டேன். நாயகன் தலைக்கவசத்தில் பால் ஊற்றினவர்களே தேவலாம் என்று தோன்றியது.

சாப்பிட்டுவிட்டு அவள் அம்மாவோடு உள்ளே படுத்துப் பேசிக்கொண்டிருந்தாள். துணி பாயிலேயே கிடந்தது. நான் போய்க் குனிந்து பார்த்தேன். நானும் அந்தத் தறிக்கூடத்தில் வளர்ந்தவன்தான், இழுக்கிற கரை எப்படிச் சுருங்கித் தூக்கி நிற்கும் என்று எனக்குத் தெரியும். அப்பா விரல் வைத்த இடத்தில் வைத்தேன். அடுத்ததாகக் காட்டிய இடத்திலும் வைத்தேன். உள்ளங்கையால் நெடுகத் தடவினேன். தரையோடு படிந்து கிடந்தது.

தறியிலிருந்து அப்பா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்கப்பா இழுக்குது?" என்று கேட்டேன்.

அவர் உள்ளறைப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, கையைத் தாழ்த்திக் காட்டினார்.

"மெதுவாப் பேசுடா. அவ காதுல விழப்போவுது."